அயனிகளின் கதை – 9: தராசு கைவிட்ட இடத்தில்

1884ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள். பால்டிக் கடலோரத்து ரீகா நகரில் வேதியியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன: பொறுக்க முடியாத பல்வலி, ஒரு பெண் குழந்தை, ஸ்வீடனின் உப்சாலா நகரிலிருந்து தபாலில் ஓர் ஆய்வேடு. ஒரே நாளைக்கு இது கொஞ்சம் அதிகம்தான் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். பல்வலியும் குழந்தையும் தத்தம் வழியில் சரியாகப் போய்க்கொண்டிருந்தன, ஆய்வேடுதான் தூங்கவிடவில்லையாம்.

அனுப்பியவர் ஸ்வாந்தே அர்ரீனியஸ், வயது 25. சென்ற இதழ்களில் ஃபாரடேயோடு பயணம் செய்தவர்களுக்கு நினைவிருக்கும்: கரைசலில் மின்னேற்றத்தோடு நகரும் துகளுக்கு 1834இல் அயனி என்ற பெயரை வைத்தவர் அவர். ஆனால் மின்சாரம் பாய்ந்தால்தான் உப்பு உடையும் என்பது அவர் கணக்கு. 1857இல் கிளாசியஸ் சற்றுத் தயங்கியபடியே, மின்சாரம் இல்லாவிட்டாலும் ஒரு சில மூலக்கூறுகள் உடைந்திருக்கலாம் என்றார். அர்ரீனியஸ் அதையும் தாண்டிப் போனார். உப்பைத் தண்ணீரில் போட்டதுமே அதில் ஒரு பெரும் பங்கு அயனிகளாக உடைந்து, மின்சாரத்தைக் கடத்தத் தயாராகிவிடுகிறது. கரைசலை நீர்க்க நீர்க்க அந்தப் பங்கு கூடுகிறது. 1884 ஆய்வேட்டில் இதை அவர் நேரடியாகச் சொல்லவில்லை. செயல்படும் பகுதி, செயல்படாத பகுதி என்று பூடகமாகத்தான் எழுதினார். தேர்வாளர்களைப் பற்றிய பயம் இருந்திருக்க வேண்டும்.

பயம் வீண்போகவில்லை. தம் வேதியியல் பேராசிரியர் கிளீவிடம் போய், தன்னிடம் ஒரு புதிய கொள்கை இருப்பதாக அர்ரீனியஸ் சொன்னபோது, ரொம்ப சுவாரஸ்யம், போய் வாருங்கள் என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டாராம். ஆய்வேட்டுக்கு நான்காம் தரம் கிடைத்தது. அதை வாதாடிக் காத்ததற்கு மூன்றாம் தரம். அந்தத் தரத்தை வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் வேலை கேட்க முடியாது. மறுப்பு சொன்னவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கவும் முடியாது. தண்ணீரில் பட்டால் பற்றிக்கொள்ளும் சோடியமும், மூச்சை அடைக்கும் குளோரினும் உப்புத் தண்ணீரில் தனித்தனியாகத் திரிகின்றன என்றால் யார்தான் நம்புவார்கள்? மின்னேற்றம் பெற்ற சோடியம் வேறு, உலோக சோடியம் வேறு என்று இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படாத காலத்தில் அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

ஆஸ்ட்வால்ட் அந்த ஆண்டு ஆகஸ்டில் உப்சாலாவுக்கே போனார். ரீகாவில் வேலை தருகிறேன் என்றார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தேடி வந்துவிட்டதும் உள்ளூரில் அர்ரீனியஸின் மதிப்பு உயர்ந்துவிட்டது. எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது.

1887இல் மூன்று காரியங்கள் நடந்தன. ஆஸ்ட்வால்ட் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஹாலந்தின் வான்ட் ஹாஃபோடு சேர்ந்து இயற்பிய வேதியியலுக்கென்று ஓர் ஆய்விதழ் தொடங்கினார். அதன் முதல் தொகுதியிலேயே அர்ரீனியஸ் தம் கொள்கையைப் பூடகம் இல்லாமல் எழுதினார். நீர்த்த கரைசல்களின் சவ்வூடுபரவல் அழுத்தம் வாயுக்களின் விதியைப் பின்பற்றுகிறது என்று வான்ட் ஹாஃப் கண்டிருந்தார். ஆனால் உப்புக் கரைசல்கள் மட்டும் கணக்குக்கு ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தம் காட்டிக்கொண்டிருந்தன. ஒரு மூலக்கூறு இரண்டாக உடைந்தால் துகள்களின் எண்ணிக்கை இரட்டிக்கும், அழுத்தமும் இரட்டிக்கும். அர்ரீனியஸுக்கு வேண்டிய சாட்சி அங்கே காத்திருந்தது.

லைப்சிக் ஆய்வகத்துக்கு உதவியாளராக வந்து சேர்ந்தவர்தான் இந்த இதழின் நாயகர், வால்தர் நெர்ன்ஸ்ட். 1864இல் மேற்குப் பிரஷ்யாவின் பிரீசன் என்ற சிறு ஊரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. குள்ளமான உருவம், கூர்மையான நாக்கு, தன் திறமையில் துளியும் சந்தேகம் இல்லாத மனிதர். இயற்பியல் படித்தவர், கிராட்ஸில் போல்ட்ஸ்மனிடம் இருந்துவிட்டு, வூர்ட்ஸ்பர்க்கில் கோல்ராஷிடம் முனைவர் பட்டம் பெற்றார். கோல்ராஷ் கரைசல்களின் மின்கடத்தலை அளப்பதில் அன்று உலகிலேயே கைதேர்ந்தவர். மாறுமின்சாரத்தைச் செலுத்தி, டெலிபோன் குழலைக் காதில் வைத்து, ஒலி அடங்கும் இடத்தைத் தேடி அளப்பார். ஆக, வேதியியலுக்குள் வந்தபோது நெர்ன்ஸ்டின் கையில் இயற்பியல்காரனின் கருவிகள் இருந்தன. அவர் செய்ததெல்லாம் அதிலிருந்து வந்தது என்பது என் அபிப்பிராயம்.

1889இல் நெர்ன்ஸ்ட் இரண்டு கட்டுரைகள் எழுதினார். வயது 25. ஒன்று மின்கலத்தைப் பற்றியது. மற்றொன்று உப்பு கரைவதைப் பற்றியது. பாடநூல்களில் இவை இரண்டும் இரண்டு வெவ்வேறு பாடங்களில் வருவதால், ஒரே ஆண்டில், ஒரே ஆய்விதழின் ஒரே தொகுதியில், ஒரே ஆள் எழுதியவை என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே எண்ணத்தின் இரண்டு முகங்கள். அந்த எண்ணத்தைப் பிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் தானே வரும்.

முதலில் மின்கலம். வோல்டா 1800இல் தம் அடுக்கை அமைத்தார், டேனியல் 1836இல் துத்தநாகமும் தாமிரமும் கொண்ட நிலையான கலத்தைத் தந்தார். 1.1 வோல்ட் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் 1.1? ஏன் 2 இல்லை? உலோகமும் உலோகமும் தொடுகிற இடத்தில் மின்சாரம் பிறக்கிறது என்று ஒரு கட்சி, உலோகமும் கரைசலும் தொடுகிற இடத்தில் என்று இன்னொரு கட்சி; இந்த வழக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இழுத்தது. நெர்ன்ஸ்ட் இரண்டாம் கட்சியின் பக்கம் தீர்ப்பு எழுதினார். ஒவ்வோர் உலோகத்துக்கும் தன் அயனிகளைக் கரைசலுக்குள் தள்ளுகிற ஒரு வேகம் உண்டு என்றார் அவர். கரைசலில் ஏற்கெனவே இருக்கும் அயனிகள் திரும்பி வந்து உலோகத்தில் படியப் பார்க்கும். துத்தநாகத்தில் தள்ளுகிற கை ஓங்கியிருக்கிறது: அயனிகள் வெளியேற, தகடு எதிர் மின்னேற்றம் பெறுகிறது. தாமிரத்தில் படிகிற கை ஓங்கியிருக்கிறது: தகடு நேர் மின்னேற்றம் பெறுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் 1.1 வோல்ட்.

விளக்கத்தோடு அவர் நின்றிருந்தால் பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். அவர் ஒரு சமன்பாட்டைத் தந்தார். மின்முனையின் மின்னழுத்தம், கரைசலில் உள்ள அயனிச் செறிவின் மடக்கையைப் பொறுத்து மாறும். இன்றைய அலகில் சொன்னால், 25 டிகிரியில் ஒற்றை மின்னேற்ற அயனியின் செறிவு பத்து மடங்கு மாறினால் 0.059 வோல்ட் மாறும். இரட்டை மின்னேற்றம் என்றால் அதில் பாதி. இரண்டு வெள்ளிக் கம்பிகளை, ஒன்றை அடர்ந்த வெள்ளி நைட்ரேட்டிலும் மற்றொன்றை நீர்த்த வெள்ளி நைட்ரேட்டிலும் முக்கி இணைத்தால் போதும், இரண்டு பக்கமும் ஒரே உலோகமாக இருந்தும் மின்சாரம் வரும். இப்படிப்பட்ட செறிவுக் கலங்களுக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1877இலேயே ஆவியழுத்தத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தார். நெர்ன்ஸ்ட் அதை அயனிகளின் மொழிக்கு மாற்றினார். அந்த மாற்றத்தால் கிடைத்த லாபம் என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டாவது, கரைதல். அயனிகள் வெளியேறுவதும் திரும்புவதும்தான் இங்கேயும் கதை. வெள்ளி குளோரைடைப் போன்ற ‘கரையாத’ உப்பும் துளி கரையத்தான் செய்யும். கரைந்து நிறைந்த பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும். உள்ளே திண்மத்திலிருந்து அயனிகள் கரைசலுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன, கரைசலிலிருந்து அதே அளவு திண்மத்துக்குத் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. நிறுத்தத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சம எண்ணிக்கையாக இருக்கும் டவுன் பஸ்ஸைப் போல, கூட்டம் மாறுவதில்லை. குல்ட்பெர்க், வாகே என்ற இரு நார்வேக்காரர்கள் 1864இல் தந்த நிறைவினை விதியை நெர்ன்ஸ்ட் இந்த இடத்தில் பொருத்தினார். வெள்ளி அயனியின் செறிவையும் குளோரைடு அயனியின் செறிவையும் பெருக்கினால் வரும் எண், வெப்பநிலை மாறாத வரை மாறாது. அடியில் எவ்வளவு திண்மம் கிடக்கிறது என்பது கணக்கில் வராது, ஒரு சிட்டிகையானாலும் ஒரு கிலோவானாலும். இதுதான் கரைதிறன் பெருக்கம்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முன்னறிவிப்பு பிறக்கிறது. ஒரு வெள்ளி உப்பின் நிறைவுற்ற கரைசலில் வேறு வழியாக வெள்ளி அயனியைச் சேர்த்தால் அந்த உப்பின் கரைதிறன் குறைய வேண்டும். வெள்ளிக்குப் பதிலாக மற்ற அயனியை அதே அளவு சேர்த்தாலும், அதே அளவு குறைய வேண்டும். இதைச் சோதிக்க நெர்ன்ஸ்ட் தேர்ந்தெடுத்த உப்பைப் பார்த்தால் அவருடைய சோதனைப் புத்தி புரியும். வெள்ளி குளோரைடு அவருக்குப் பயன்படாது. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம்கூடக் கரையாத பொருளில் மேலும் குறைவதை எந்தத் தராசில் நிறுப்பது? அவர் வெள்ளி அசிட்டேட்டை எடுத்தார். அறை வெப்பநிலையில் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கரையும். அதில் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்தும் பார்த்தார், சோடியம் அசிட்டேட்டைச் சேர்த்தும் பார்த்தார். இரண்டிலும் கரைதிறன் குறைந்தது. இரண்டு குறைவுகளும் கணக்கோடு நெருங்கி வந்தன. அமெரிக்காவிலிருந்து கரிம வேதியியல் படிக்க லைப்சிக் வந்து, ஆஸ்ட்வால்ட் பக்கம் சாய்ந்துவிட்ட ஆர்தர் நோய்ஸ் என்ற மாணவர் அடுத்த ஆண்டே இந்தச் சோதனையை மற்ற உப்புகளுக்கும் விரித்தார்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் வேதியியல் எடுத்தவர்கள் இந்த முன்னறிவிப்பைத் தம் கையாலேயே சோதித்திருக்கிறார்கள், தெரியாமல். செய்முறைத் தேர்வில் உப்பைக் கண்டுபிடிக்கும்போது, இரும்பும் அலுமினியமும் வீழ்படியும் மூன்றாம் தொகுதிக்கு வந்ததும் முதலில் அம்மோனியம் குளோரைடு, பிறகுதான் அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று ஆசிரியர் நூறு தடவை சொல்லியிருப்பார். வரிசை தவறினால் என்ன ஆகும்? டெசிமோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) அம்மோனியாவில் ஹைட்ராக்சைடு அயனி லிட்டருக்கு ஏறக்குறைய 0.0013 மோல் இருக்கும். கரைசலில் மெக்னீசியம் இருந்தால் அதுவும் அங்கேயே வீழ்படிந்துவிடும். இல்லாத அலுமினியத்தை இருப்பதாக எழுதிவிட்டு வருவோம். லிட்டருக்கு ஒரு மோல் வீதம் அம்மோனியம் குளோரைடு இருந்தால், பொது அயனியான அம்மோனியம் சமநிலையைப் பின்னுக்குத் தள்ளி ஹைட்ராக்சைடை 0.0000018 ஆகக் குறைத்துவிடுகிறது. எழுநூறு மடங்கு குறைவு. மெக்னீசியம் ஹைட்ராக்சைடின் பெருக்கத்தில் ஹைட்ராக்சைடு இரண்டு தடவை வருவதால் அந்தக் குறைவு அங்கே ஐந்து லட்சம் மடங்காகிறது. மெக்னீசியம் கரைசலிலேயே தங்கிவிடும். இரும்பும் அலுமினியமும் அந்தச் சொற்ப ஹைட்ராக்சைடுக்கே வீழ்படிந்துவிடும், அவற்றின் கரைதிறன் பெருக்கம் அவ்வளவு சிறியது.

இந்தத் தொகுதிப் பிரிப்பு நெர்ன்ஸ்டுக்கு முந்தியது. ஃப்ரெசீனியஸ் என்ற ஜெர்மானியர் 1841இலேயே பண்பறி பகுப்பாய்வுக்குப் புத்தகம் போட்டார். பல ஐரோப்பிய மொழிகளில் பல பதிப்புகள் கண்ட புத்தகம் அது. அமிலம் விட்டுவிட்டு ஹைட்ரஜன் சல்ஃபைடைச் செலுத்து, அம்மோனியம் உப்பைப் போட்டுவிட்டு அம்மோனியாவை விடு என்று ஐம்பது ஆண்டுகளாக ஆய்வகங்களில் கை பழகிக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆஸ்ட்வால்ட் 1894இல் பகுப்பாய்வு வேதியியலின் அறிவியல் அடிப்படைகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி, ஃப்ரெசீனியஸின் சமையல் குறிப்புக்கெல்லாம் அயனிச் சமநிலையைக் கொண்டு காரணம் சொன்னார். எதிரிகளின் வாயை அடைத்ததில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய கட்டுரைகளைவிட அதிகப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். தினமும் கையில் பிடிக்கும் சோதனைக் குழாய் பொய் சொல்லுமா?

எதிரிகள் இருக்கத்தான் செய்தார்கள். லைப்சிக் கூட்டத்துக்கு ‘அயனியர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1890இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்துக்கு ஆஸ்ட்வால்டும் வான்ட் ஹாஃபும் நேரில் போய் வாதாட வேண்டியிருந்தது. லண்டன் வேதியியலர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1937இல் இறக்கும் வரை அயனிக் கொள்கையைக் கிண்டல் செய்துகொண்டே இருந்தார்.

இனி அந்த லாபத்துக்கு வருவோம். நெர்ன்ஸ்டின் இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வையுங்கள். முதலாவது, வோல்ட்டைச் சொன்னால் அயனிச் செறிவைச் சொல்கிறேன் என்கிறது. இரண்டாவது, அயனிச் செறிவைச் சொன்னால் கரைதிறனைச் சொல்கிறேன் என்கிறது. அப்படியென்றால், தராசில் நிறுக்கவே முடியாத கரைதிறனை மின்சாரத்தால் அளந்துவிடலாம். கோல்ராஷ் இதே சிக்கலைக் கடத்துத்திறன் வழியாக 1893இல் தொட்டிருந்தார். 1894இல் லைப்சிக் ஆய்விதழில் ஹாரி குட்வின் என்ற அமெரிக்கர் வெள்ளி உப்புகளுக்கு வோல்ட் வழியாகவே அளந்து காட்டினார்.

ஏற்பாடு இவ்வளவுதான். ஒரு குவளையில் டெசிமோலார் வெள்ளி நைட்ரேட், அதில் ஒரு வெள்ளிக் கம்பி. இன்னொரு குவளையில் டெசிமோலார் பொட்டாசியம் குளோரைடு, அடியில் கொஞ்சம் வெள்ளி குளோரைடு, அதிலும் ஒரு வெள்ளிக் கம்பி. இரண்டும் நேராகக் கலந்தால் பால்போல் வீழ்படிவு வந்துவிடும். ஆகவே நடுவில் இரண்டோடும் வினைபுரியாத பொட்டாசியம் நைட்ரேட் கரைசல். கம்பிகளுக்கு இடையே வோல்ட்டை அளக்க வேண்டும், மின்சாரத்தை ஓடவிடாமல். ஓடவிட்டால் செறிவே மாறிவிடும். இன்றைய அட்டவணை எண்களைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 0.46 வோல்ட் வர வேண்டும். பத்து மடங்குக்கு 0.059 என்ற கணக்கில் இது ஐந்தரைக் கோடி மடங்கு வித்தியாசம். ஒரு பக்கம் வெள்ளி அயனி 0.1 என்றால் மறுபக்கம் 0.0000000018. அதைக் குளோரைடின் 0.1ஆல் பெருக்கினால் 1.8 × 10⁻¹⁰. வேதியியல் புத்தகங்களின் பின்பக்க அட்டவணையில் வெள்ளி குளோரைடுக்கு எதிரே இருக்கும் எண் இதுதான். அதன் வர்க்கமூலத்தை எடுத்துக் கிராமாக மாற்றினால், தூய தண்ணீரில் லிட்டருக்கு 1.9 மில்லிகிராம்.

குளோரைடுக்குப் பதிலாக அயோடைடை வைத்தால் வோல்ட் சுமார் 0.83 ஆகிறது. வெள்ளி அயோடைடு தூய தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு மைக்ரோகிராம்தான் கரையும்; ஒரு லிட்டரைச் சுண்டக் காய்ச்சினாலும் அந்தக் காலத் தராசு அசையாது. இந்தக் கலத்திலோ பொட்டாசியம் அயோடைடும் சேர்ந்து அமுக்குவதால் ஒரு மில்லிலிட்டருக்கு ஐந்து லட்சம் வெள்ளி அயனிகள்தான் மிஞ்சும். ஐந்து லட்சம் என்பது நமக்குப் பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஒரு மில்லிலிட்டரில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் அது இல்லாததற்குச் சமம். கம்பி அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.

இந்த இடத்தில் நெர்ன்ஸ்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். உலோகம் அயனியைத் தள்ளும் வேகத்தை ஓர் அழுத்தம் என்றே அவர் கற்பனை செய்தார், வளிமண்டல அளவில் எண்களும் கணக்கிடப்பட்டன. துத்தநாகத்துக்கு வந்த எண் பத்தின் பதினெட்டாம் அடுக்கு வளிமண்டலம். அப்படி ஓர் அழுத்தம் ஒரு தகட்டுக்குள் இருந்தால் குவளை மட்டுமல்ல, கட்டடமே மிஞ்சாது. கரைதிறன் பெருக்கத்துக்கும் இதே சங்கடம் உண்டு. மெர்குரி சல்ஃபைடின் பெருக்கம் 10⁻⁵³ அளவில் என்று சில அட்டவணைகளில் இருக்கும். வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், சில நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரே ஒரு மெர்குரி அயனி என்று வரும். சல்ஃபைடு அயனி தண்ணீரோடு வினைபுரிவதையும், மெர்குரி வேறு வடிவங்களில் கரைவதையும் மறந்து போட்ட கணக்கு அது.

அடர்ந்த கரைசல்களிலும் சமன்பாடு தடுமாறியது. சோடியம் குளோரைடு போன்ற உப்புகள் பாதி உடைவதில்லை, முழுவதுமாகவே உடைகின்றன என்று பிறகு தெரிய வந்தது. 1918இல் கல்கத்தாவிலிருந்து ஜே.சி. கோஷ் என்ற இளைஞர் அப்படி ஒரு கொள்கையை வெளியிட்டு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்கவைத்தார், கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநர் என்று நமக்குத் தெரிந்த அதே கோஷ்தான். அவர் கணக்கு நிலைக்கவில்லை. 1923இல் டெபையும் ஹியூக்கலும் தந்த கணக்கு நிலைத்தது. அமெரிக்காவின் லூயிஸ், செறிவு என்று நெர்ன்ஸ்ட் எழுதிய இடத்தில் ‘வினைத்திறன்’ என்ற திருத்திய அளவை வைத்தார். அழுத்தம் என்ற கற்பனை போயிற்று, அதன் இடத்தில் கிப்ஸின் வேதிநிலையாற்றல் (chemical potential) வந்தது. சமன்பாட்டின் உருவம் மட்டும் மாறவேயில்லை. தவறான படத்தை வைத்துக்கொண்டு சரியான சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் அறிவியலில் பலர் உண்டு. நெர்ன்ஸ்டுக்கு அந்த வரிசையில் முன்னிடம் கொடுக்கலாம். இன்று குடிநீர் சோதனைச் சாலையில் இருக்கும் பி.ஹெச். மீட்டர் அந்த 0.059 வோல்ட்டைத்தான் படிக்கிறது. நம் நரம்புச் செல்களின் மின்னழுத்தத்துக்கு 1902இல் பெர்ன்ஸ்டைன் விளக்கம் தேடியபோது அவர் எடுத்ததும் இதே சமன்பாடுதான்.

அயனியர் கூட்டத்தின் தலைகள் நால்வருக்கும் நோபல் கிடைத்தது. வான்ட் ஹாஃபுக்கு 1901இல், வேதியியலுக்கான முதல் பரிசே. நான்காம் தரம் வாங்கிய அர்ரீனியஸுக்கு 1903இல். ஆஸ்ட்வால்டுக்கு 1909இல். நெர்ன்ஸ்டின் பெயர் ஆண்டுதோறும் முன்மொழியப்பட்டும், 1920க்கான பரிசு 1921இல்தான் அவர் கைக்கு வந்தது. அதுவும் இந்தச் சமன்பாட்டுக்காக அல்ல, வெப்ப வேதியியல் பணிக்காக. ஸ்டாக்ஹோமில் அவருக்குக் குறுக்கே நின்றவர் பழைய நண்பர் அர்ரீனியஸ். நண்பர்கள் எப்படிப் பகைவர்கள் ஆனார்கள் என்பது அடுத்த இதழில்.